தடைக்குள்ளான நாடும் குடிமகனின் பயணமும்: ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

ஓர் அரசு பிறிதோர் அரசோடு உறவை முறித்துக்கொள்வது நாடுகளின் வரலாற்றில் புதுமையன்று. தூதரைத் திரும்ப அழைத்தல், வணிகத்தை நிறுத்துதல், துறைமுகங்களை அடைத்தல் ஆகியன அரசுகள் தம் கண்டனத்தைப் புலப்படுத்தும் வழிகளாக நெடுங்காலமாக அறியப்பட்டவை. இம்முறிவு அரசோடு நில்லாமல் குடிமகனின் காலடிவரை நீளும்போதுதான் அறவியல் வினா பிறக்கிறது. தன் அரசு விலக்கிவைத்த நாட்டிற்குச் செல்ல விரும்பும் குடிமகனைத் தடுக்கும் உரிமை அரசுக்கு உண்டா? உண்டெனில் அவ்வுரிமையின் எல்லை யாது? அரசின் பகை குடிமகனின் பகையும் ஆகிவிடுமா?

மேலைநாட்டார் இவ்வினாவைப் பெரும்பாலும் அமெரிக்க ஐக்கிய நாட்டுக்கும் கியூபாவுக்கும் இடையிலான முறிவை வைத்தே பேசிவந்துள்ளனர். இந்தியச் சூழலில் இதற்கு இணையான சான்று தென்னாப்பிரிக்காவாகும். சில கூறுகளில் அது கியூபாவினும் சிக்கலானது. தமிழரின் புலம்பெயர் வரலாற்றோடு பின்னிப் பிணைந்ததாதலின் தமிழாய்வு உலகம் கருத்தில் கொள்ள வேண்டியதுமாகும். பயண உரிமை குறித்த இந்தியச் சட்டச் சிந்தனையின் தொடக்கப் படிகளுள் ஒன்று பெங்களூருவில் அமைந்தது என்பதும் பலரும் நினைவில் கொள்ளாத செய்தி. இவற்றை இணைத்து நோக்குவதே இக்கட்டுரையின் போக்காகும்.

மைசூர் உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு

பெங்களூருவில் விதான சௌதாவுக்கு எதிரே செந்நிறத்தில் நீண்டு கிடக்கும் அட்டாரா கச்சேரி, 1868இல் அரசு அலுவலகங்களுக்காகக் கட்டப்பட்டது. பிற்காலத்தில் அது மைசூர் உயர் நீதிமன்றத்தின் இருப்பிடமாயிற்று. மாநிலத்தின் பெயர் மாறிய பின் அதுவே கருநாடக உயர் நீதிமன்றம். 1965இல் அந்நீதிமன்றத்தின் இருவர் ஆயம், டாக்டர் எஸ். எஸ். சதாசிவ ராவ் எதிர் இந்திய ஒன்றியம் என்னும் வழக்கில் தீர்ப்பு வழங்கியது. ஆயத்தின் சார்பில் தீர்ப்புரைத்தவர் நீதிபதி கே. எஸ். ஹெக்டே. பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்து, மூப்பு மீறப்பட்டதை ஏற்காது 1973இல் பதவி விலகி, 1977இல் மக்களவைத் தலைவரானவர் அவரே.

அக்காலத்தில் கடவுச்சீட்டு வழங்குவதை முறைப்படுத்தும் சட்டமே நாட்டில் இல்லை. 1920ஆம் ஆண்டின் கடவுச்சீட்டுச் சட்டம் இந்தியாவுக்குள் நுழைவோரைப் பற்றியது. வெளியேறுவோரைப் பற்றி அதில் விதியில்லை. எனினும் கடவுச்சீட்டு இன்றிக் கப்பலோ வானூர்தியோ எவரையும் ஏற்றாது. பிறநாடு எதுவும் உள்ளே விடாது. ஆகவே கொடுப்பதும் மறுப்பதும் ஆட்சியாளரின் விருப்பம் என்ற நிலை நிலவியது. இதனை மைசூர் நீதிமன்றம் ஏற்கவில்லை. அயல்நாடு செல்வது அரசமைப்பின் 21ஆம் உறுப்புக் காக்கும் தன்னுரிமையின் பகுதி. அதனால் கடவுச்சீட்டுப் பெறுவதும் உரிமை. அவ்வுரிமையைக் குறைக்கும் சட்டம் ஒன்று இல்லாதபோது கடவுச்சீட்டை மறுப்பது அரசமைப்புக்கு முரண் என அது முடிவு கண்டது. கேரள உயர் நீதிமன்றத்தின் முழு ஆயமும் இக்கருத்தினதே. தில்லி உயர் நீதிமன்றம் மாறுபட்டது.

இம்முரண்பாடு உச்ச நீதிமன்றத்தை எட்டியது. சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில் 1967 ஏப்ரல் 10 அன்று, தலைமை நீதிபதி சுப்பா ராவ் உள்ளிட்ட மூவர் பெங்களூருவின் பக்கம் நின்றனர். ஹிதாயத்துல்லா உள்ளிட்ட இருவர் மறுத்தனர். கடவுச்சீட்டு என்பது அரசு பிற அரசுகளுக்கு எழுதும் அரசியல் ஆவணம். அதனைக் கேட்டுப் பெறும் உரிமை எவர்க்கும் இல்லை என்பது சிறுபான்மையினர் வாதத்தின் சாரம். இவ்வாதம் தோற்றதென்றாலும் எளிதில் தள்ளத்தக்கதன்று. அதற்கு மீண்டும் வர வேண்டியிருக்கும்.

இத்தீர்ப்புகள் கூறாத ஒன்றையும் கருத வேண்டும். பயணத்தைத் தடுக்கவே கூடாதென அவை கூறவில்லை. சட்டமின்றித் தடுக்கக் கூடாதென்றே கூறின. அரசு அதனை விரைந்து புரிந்துகொண்டது. முதலில் அவசரச் சட்டமும், 1967 ஜூன் 24 அன்று கடவுச்சீட்டுச் சட்டமும் பிறந்தன. உரிமைக்காகத் தொடுக்கப்பட்ட வழக்கின் வெற்றியே தடைக்குரிய முறையான சட்டத்தையும் பெற்றெடுத்தது.

பத்தொன்பதாம் பிரிவு

அச்சட்டத்தின் 19ஆம் பிரிவு இவ்விடத்தில் நுணுகி நோக்கத்தக்கது. ஒன்றிய அரசு அறிவிக்கை ஒன்றின் வழியாகச் சில நாடுகளைக் குறிப்பிடலாம். குறிப்பிட்டால், சிறப்பு மேற்குறிப்புப் பெற்றாலன்றி எந்தக் கடவுச்சீட்டும் அந்நாட்டுப் பயணத்துக்குச் செல்லாது. எந்நாடுகள்? இந்தியாவின்மீது படையெடுக்கும் நாடு, படையெடுப்பாளருக்கு உதவும் நாடு, போர் நடந்துகொண்டிருக்கும் நாடு. நான்காவதாக ஒன்று: அந்நாட்டுக்குச் செல்வது இந்திய அரசின் வெளியுறவு நடவடிக்கைகளுக்குக் கடும் ஊறு விளைவிக்குமாதலின் பொதுநலன் கருதிப் பயணம் கட்டுப்படுத்தப்பட வேண்டிய நாடு.

முதல் மூன்றும் ஒரு குலத்தவை. அங்கே வாளும் தீயும் கண்ணுக்குத் தெரிகின்றன. நான்காவது வேறு. அதில் பயணிக்கு இடர் இல்லை. பயணியால் நாட்டின் காவலுக்கும் இடர் இல்லை. அரசின் கொள்கைக்கு இடர் என்பதே காரணம். ஒரு குடிமகன் டர்பனின் கடற்கரையில் நடந்தால், தில்லி உலக அரங்கில் சொன்ன சொல் வலுவிழக்கும் என்பது இதன் உட்பொருள். குடிமகனின் உடல் அரசின் சொல்லுக்குச் சான்றாக நிறுத்தப்படுகிறது. அறவியல் வினாவின் கூர்முனை இங்கேதான் உள்ளது.

சங்கச் சான்று: இளந்தத்தனும் கோவூர் கிழாரும்

ஆள் நடமாட்டத்தை அரசு கண்காணிப்பது பழமையான வழக்கே. முத்திரை பெற்றோரே நாட்டினுள் புகவும் வெளியேறவும் வேண்டும் என்றும் அதற்கு ஒரு மாஷம் கட்டணம் என்றும் அர்த்தசாத்திரம் விதிக்கிறது. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தில் புலி முத்திரை பொறிக்கப்பட்டதைச் சொல்லும். அது பண்டப் பொதிகளின்மீது. கணியன் பூங்குன்றனாரின் பாட்டை இவ்விடத்தில் எடுத்துக்காட்டுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் அப்பாட்டு எல்லை கடத்தலைப் பற்றிய சட்டமன்று. வாழ்வின் இன்பதுன்பங்களை ஏற்கும் மனநிலையைப் பற்றியது. பயணத் தடைக்கு நேரான சான்று புறநானூற்றின் 47ஆம் பாட்டேயாகும்.

சோழர் குடியினராகிய நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் பகைத்து நின்ற காலம். நலங்கிள்ளியிடமிருந்து உறையூர் புகுந்த இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றன் எனக் கருதி நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தான். கோவூர் கிழார் பாடி அவனை உய்வித்தார். இச்செய்தியைத் தருவது பாட்டன்று, அதன் அடிக்குறிப்பு. பாட்டினுள் இப்பெயர்கள் இல்லை என்பதையும் ஆய்வாளர் மனங்கொள்ள வேண்டும். எனினும் பாட்டின் பொருள் அக்குறிப்போடு பொருந்துகிறது.

நெடுங்கிள்ளியின் ஐயம் அடிப்படையற்றதன்று. பகைவன் அவையிலிருந்து வந்தவன் ஒற்றனாகவும் இருக்கக்கூடும். புலவர் வேடத்தில் ஒற்றர் வருவதே இல்லை எனக் கோவூர் கிழார் வாதிடவில்லை. அவர் எடுத்துரைப்பது பரிசிலர் வாழ்வின் இயல்பை: பறவைபோல நெடுவழி கடத்தல், பெற்றதைச் சுற்றத்தோடு உண்டு மகிழ்தல், சேர்த்துவையாது வழங்கல். இவ்வாழ்வு பிறர்க்குத் தீங்கு எண்ணுமோ என்பது அவர் வினா. பிடிபட்டவன் எங்கிருந்து வந்தான் என்பதிலிருந்து அவன் என்ன செய்பவன் என்பதற்கு அரசனின் நோக்கு திருப்பப்படுகிறது. வந்த திசை குற்றமாகாது, செயலே குற்றமாகும். இருபதாம் நூற்றாண்டின் நீதிமன்றங்கள் நீண்ட தீர்ப்புகளில் தேடிய வேறுபாடு இது.

இதே புலவரின் 44ஆம் பாட்டு இன்னும் ஒருபடி செல்கிறது. ஆவூர் முற்றுகையிடப்பட்டபோது உள்ளே அடைத்துக்கொண்டிருந்த நெடுங்கிள்ளியிடம், பாலின்றிக் குழவிகள் அழுவதையும் மகளிர் பூவின்றிக் கூந்தல் முடிப்பதையும் நீரற்ற மனைகளில் எழும் புலம்பலையும் அவர் எடுத்துச் சொல்கிறார். முற்றுகை என்பது அக்காலத்து வணிகத் தடையே. அதன் சுமை அரசன்மீது விழுமுன் குழவிமீது விழுகிறது என்பதைச் சொல்லக் கண்ணால் கண்டவர் ஒருவர் தேவைப்பட்டார். 45ஆம் பாட்டு முற்றியிருந்தவனையும் அடைத்திருந்தவனையும் ஒருசேர நோக்கிப் பாடியது. இரு பக்கமும் செல்லக்கூடியவர் ஒருவர் இருந்ததனால்தான் அப்பாட்டு உளது. பயணத் தடையால் ஒரு சமூகம் இழப்பது சுற்றுலா இன்பத்தை மட்டுமன்று. சான்று கூறுவோரையும் ஆகும்.

தென்னாப்பிரிக்கா: அறம் கருதிய தடை

இனித் தென்னாப்பிரிக்கா. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து சென்ற ட்ரூரோ என்னும் கப்பல் ஒப்பந்தத் தொழிலாளரின் முதற் குழுவை டர்பனில் இறக்கியது. 1911 வரை நேட்டாலுக்குச் சென்றோர் ஏறத்தாழ 1,52,000 பேர். இவர்களுள் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் சென்னை வழியாகச் சென்ற தமிழரும் தெலுங்கருமாவர். அந்நாட்டில் இந்தியர் போராட்டம் எல்லைக் கோடுகளைச் சுற்றியே எழுந்தது என்பது சிறப்பாகக் கருதத்தக்கது. நேட்டாலிலிருந்து டிரான்சுவாலுக்கு உரிமச்சீட்டின்றி நுழைவது குற்றம். 1913 நவம்பரில் காந்தியடிகள் 2,037 ஆடவரும் 127 மகளிரும் 57 குழந்தைகளும் அடங்கிய அணியோடு அவ்வெல்லையைத் தாண்டினார். நடந்தவருள் பெருந்தொகையினர் சுரங்கங்களில் வேலை நிறுத்திய தமிழர். அப்போராட்டத்தில் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22 அன்று உயிர் நீத்தார். தடுக்கப்பட்ட கோட்டை வெளிப்படையாகத் தாண்டித் தண்டனையை ஏற்பது அவர்தம் அறமாக இருந்தது.

1946இல் இந்தியரின் நில உரிமையைக் குறுக்கும் சட்டம் அங்கு நிறைவேறியபோது இந்தியா தன் உயர் ஆணையரைத் திரும்ப அழைத்து வணிகத்தை முற்றாக நிறுத்தியது. வழக்கை ஐக்கிய நாடுகள் அவைக்கும் கொண்டுசென்றது. நிறவெறியைக் கொள்கையாக அறிவித்த தேசியக் கட்சி ஆட்சி 1948இல்தான் அமைந்தது. இந்தியாவின் முறிவு அதனினும் ஈராண்டு மூத்தது. இந்திய ஏற்றுமதியில் ஏறத்தாழ ஐந்து விழுக்காடு அந்நாட்டுக்குச் சென்றுகொண்டிருந்த காலம் அது. இந்தியாவே இழப்பைத் தாங்கி முடிவெடுத்தது என்பதில் ஐயமில்லை. ஐக்கிய நாடுகளின் பொது அவை உறுப்பு நாடுகளை உறவு முறிக்கவும் துறைமுகங்களை அடைக்கவும் கேட்டுக்கொண்டது 1962இல்தான்.

இம்முறிவு கடவுச்சீட்டிலும் ஏறியது. எந்நாடுகளுக்குச் செல்லும் என்பதைக் குறிக்கும் இடத்தில் ‘தென்னாப்பிரிக்கா நீங்கலாக’ என்னும் பொருளில் எழுதப்பட்ட சீட்டுகளை ஒரு தலைமுறை இந்தியர் கையில் வைத்திருந்தனர். 1993 நவம்பரில் இரு நாடுகளும் தூதுறவை மீண்டும் தொடங்கும்வரை ஏறத்தாழ நாற்பத்தேழு ஆண்டுகள் உறவு முறிந்திருந்தது. டர்பனின் தமிழர்க்கும் அவர்தம் மூதூர்களுக்கும் இடையிலிருந்த வழி இக்காலமெல்லாம் அடைபட்டது. அவர்களுக்காக எழுந்த கண்டனமே அவர்களைத் தனிமைப்படுத்தவும் செய்தது என்பது இவ்வரலாற்றின் கசப்பான முரண்.

முரண் என்பதனாலேயே தவறு என்றாகாது. புறக்கணிப்பை வேண்டியவர்கள் ஒடுக்கப்பட்டோரே ஆவர். 1959இன் இறுதியில் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசின் ஆல்பர்ட் லுத்துலியும் தென்னாப்பிரிக்க இந்தியக் காங்கிரசின் மான்ட்டி நாயக்கரும் லிபரல் கட்சியின் பீட்டர் பிரவுனும் தம் நாட்டுப் பொருள்களைப் புறக்கணிக்குமாறு உலகை வேண்டினர். புறக்கணிப்பால் முதலில் வருந்துவோர் நாங்களே, அதனைத் தாங்குவோம் எனத் துன்புறுவோரே முன்வரும்போது, வெளியிலிருப்போர் அவர்கள்மீது இரக்கம் காட்டுவதாகச் சொல்லி வணிகம் தொடர்வது போலி இரக்கமாகும். கியூபாவின்மீதான தடைக்கு இத்தகைய இசைவு கிடைத்ததில்லை. இரு தடைகளையும் ஒரே தட்டில் வைப்போர் இதனைக் கருதுவதில்லை.

இனியொன்றும் உண்டு. அயல்நாட்டு மண்ணில் கால் வைப்பது சில வேளைகளில் அங்குள்ள அநீதிக்குத் துணை போவதாகும். விளையாட்டு இதற்குத் தெளிந்த சான்று. 1974இல் டேவிசு கோப்பை டென்னிசு இறுதிப் போட்டிக்கு இந்தியா தகுதி பெற்றது. விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ் என்னும் சென்னை உடன்பிறப்பினர் அணியின் முதுகெலும்பு. எதிரணி தென்னாப்பிரிக்கா. இந்திய அரசின் நிலைப்பாட்டுக்கேற்ப அணி ஆட மறுத்தது. ஒரு பந்தும் அடிக்கப்படாமல் கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றது. 1987இல் இந்தியா மீண்டும் இறுதிக்கு வந்து சுவீடனிடம் தோற்றது. இருபது வயது இளைஞன் ஒருவனின் வாழ்நாள் வாய்ப்பை அரசின் கொள்கை எடுத்துக்கொண்டது. அவ்விழப்பு பெரிது, எனினும் அதனை அநீதி என்று சொல்வதற்கில்லை. நாட்டின் பெயர் தாங்கி ஆடுபவன் அக்களத்தில் தனிமனிதன் அல்லன். அவன் கைகுலுக்குவது நாடு கைகுலுக்குவதாகும். வெள்ளையர்க்கென ஒதுக்கிய அரங்கில் நாட்டுக் கொடியோடு நிற்பது ஒரு கூற்று. அக்கூற்றைச் சொல்ல மறுக்கும் உரிமை கொடிக்குரிய நாட்டுக்கு உண்டு.

இந்தியா இதனினும் அப்பால் சென்றது. 1981இல் ஜெஃப்ரி பாய்காட், ஜெஃப் குக் ஆகியோர் தென்னாப்பிரிக்காவில் ஆடியவர்கள் என்பதனால் இங்கிலாந்து அணியின் வருகையே ஐயத்துக்குள்ளாயிற்று. நிறவெறியை ஏற்கவில்லை என்று அவர்கள் தெரிவித்த பின்னரே தொடர் நடந்தது. அவ்வாண்டு டிசம்பரில் பெங்களூரு சின்னசாமி அரங்கில் பாய்காட் மட்டை பிடித்தார். (அவர் குடிப்பெயரே புறக்கணிப்புக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லாக இருப்பது வரலாற்றின் குறும்பு.) 1988இல் கிரகாம் கூச் தலைமையில் வரவிருந்த அணிக்கு இசைவு மறுக்கப்பட்டுத் தொடர் கைவிடப்பட்டது. பிறநாட்டார் எங்குச் சென்றனர் என்பதற்காக அவர்களைத் தடுப்பது, இளந்தத்தனை வந்த திசை பார்த்துப் பிடித்த நெடுங்கிள்ளியின் செயலை ஒத்ததன்றோ என வினவலாம். ஒத்ததன்று. இவர்கள் அங்குச் சென்றது காண்பதற்கன்று. ஊதியம் பெற்று ஆடுவதற்கு. அங்கும் செயலே நோக்கப்பட்டது.

ஆனால் மகளைக் காணச் செல்லும் தாய், ஈமக்கடன் செய்யச் செல்லும் மைந்தன், எழுதுவதற்காகச் செல்லும் செய்தியாளன், ஆவணக் காப்பகத்தில் ஒப்பந்தத் தொழிலாளர் பட்டியலைத் தேடும் ஆய்வாளன் ஆகியோர் எவருடைய கொடியையும் ஏந்திச் செல்வதில்லை. இவர்கள் செல்வதால் நிறவெறி ஆட்சிக்குப் பெருமை சேர்ந்துவிடாது. கொடியேந்தியவனுக்குப் பொருந்தும் தடையை இவர்களுக்கும் விரிக்கும்போது தடை தன் காரணத்தைவிட நீண்டுவிடுகிறது. நிறவெறி ஆட்சியே கடவுச்சீட்டை விலங்காகப் பயன்படுத்திய ஆட்சி என்பதையும் மறத்தற்கில்லை. 1962இல் மண்டேலாவுக்கு விதிக்கப்பட்ட ஐந்தாண்டுச் சிறையில் ஈராண்டு, உரிய பயண ஆவணமின்றி நாட்டைவிட்டு வெளியேறியதற்கானது.

கியூபாவின் வழக்குகள்

அமெரிக்கச் சான்று சுருக்கமாகக் கூறத்தக்கது. கியூபாவுடன் 1961இல் உறவு முறிந்தபின் அந்நாட்டுப் பயணத்துக்கு அமெரிக்கக் கடவுச்சீட்டுச் செல்லாதாக்கப்பட்டது. அங்குள்ள நிலையை நேரில் அறிந்து தெளிந்த குடிமகனாக விரும்புவதாகக் கூறி ஒருவர் தொடுத்த ஜெமல் எதிர் ரஸ்க் வழக்கில், 1965 மே 3 அன்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தடையை ஏற்றது. பேசும் உரிமை, செய்தி திரட்டுவதற்குக் கட்டற்ற உரிமையைத் தந்துவிடாது என்பது அத்தீர்ப்பின் போக்கு. பெங்களூரு தீர்ப்பும் இதுவும் ஒரே ஆண்டின என்பது கருதத்தக்கது. 1977இல் அத்தடை நீங்கியது. 1982இல் வேறு வடிவில் திரும்பி வந்தது: செல்லலாம், ஆனால் அங்குப் பணம் செலவிடக் கூடாது. 1984இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் இதுவும் ஏற்கப்பட்டது. உண்ணாமலும் உறங்க இடம் கொள்ளாமலும் பயணம் செய்யும் உரிமை எத்தகைய உரிமை என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆயினும் இவ்வடிவில் ஒரு நேர்மை உள்ளது. தடையின் நோக்கம் பகைநாட்டுக்குப் பணம் சேராதிருத்தல் என்றால், தடுக்க வேண்டியது பணத்தை, காலை அன்று. குறை, செலவின் அளவை நோக்காது ஒரு கவளத்தையும் ஒரு கப்பல் சர்க்கரையையும் ஒன்றாக எண்ணியதில் உள்ளது.

காவல் கருதிய தடை

அரசு தன் கொள்கைக்காக அன்றிக் குடிமகனின் உயிர்க்காகத் தடுப்பது மூன்றாம் வகை. அண்மைக் காலத்து இந்தியத் தடைகள் பலவும் இவ்வகையின. 2004இல் ஈராக்கில் இந்திய ஓட்டுநர் மூவர் கடத்தப்பட்டதை அடுத்து அந்நாட்டுக்கு வேலைக்குச் செல்வது தடுக்கப்பட்டது. 2014இல் மோசுலில் பிடிபட்ட இந்தியத் தொழிலாளர் 39 பேர் கொல்லப்பட்டது 2018இல் உறுதியாயிற்று. 2015இல் ஏமனில் போர் மூண்டபோது இந்தியக் கடற்படையும் வான்படையும் 4,600க்கும் மேற்பட்ட இந்தியரை மீட்டுக் கொணர்ந்தன. 2017இல் அந்நாட்டுப் பயணம் தடை செய்யப்பட்டது. அரசின் அச்சத்தை வெற்றச்சம் என்று எவரும் கூற இயலாது.

இங்கே 1967இன் சிறுபான்மைத் தீர்ப்புக்குத் திரும்பலாம். கடவுச்சீட்டு அரசு பிற அரசுகளுக்கு எழுதும் ஓலை என்பது உண்மையே. அதனை ஏந்துபவனைக் காக்குமாறு அரசு வேண்டுகிறது. காக்க இயலாத இடத்துக்குக் காவல் ஓலை தர மாட்டேன் என ஓர் அரசு சொல்லுமாயின் அதில் பொருள் உண்டு. ஆனால் ‘என்னால் உன்னைக் காக்க இயலாது’ என்பதும் ‘நீ போகக் கூடாது’ என்பதும் ஒன்றல்ல. முன்னது எச்சரிக்கை, பின்னது கட்டளை. முதிர்ந்த மனிதர் ஒருவர் இடரை அறிந்து, அதனினும் பெரிதாகத் தாம் கருதும் ஒன்றுக்காகச் செல்லத் துணியும்போது, அவ்வொன்றின் பெருமையை அளக்கும் கோல் அரசிடம் இல்லை.

மாறாக ஒரு வலிய வாதம் உண்டு. கடத்தப்பட்டவனை மீட்க அரசு பேரம் பேச வேண்டும். மீட்கச் செல்லும் வீரரின் உயிரும் அவன் துணிவுக்கு ஈடு வைக்கப்படும். ஆதலின் அவன் துணிவு அவனுக்கு மட்டும் உரியதன்று என்பது அது. இவ்வாதம் பெருந்திரளாக ஆட்களை அழைத்துச் செல்லும் முகவருக்கு முழுதும் பொருந்தும். கடன்பட்டு, இடரை அறியாது செல்லும் தொழிலாளிக்கு ஓரளவு பொருந்தும். அவனது இசைவு அறிந்து தந்த இசைவன்று. தனியொருவராக, கண்திறந்து, அரசின்மீது பொறுப்பேதும் சுமத்தாது செல்பவர்க்கு மிகக் குறைவாகவே பொருந்தும். மூவரையும் ஒரே அறிவிக்கை தடுக்கிறது.

19ஆம் பிரிவினுள் அமைந்த ‘சிறப்பு மேற்குறிப்பு’ என்னும் வாயில் இதற்காகவே உள்ளது. கோவூர் கிழார் நெடுங்கிள்ளியிடம் வேண்டியதும் ஒருவகையில் இவ்வாயிலையே: வகையைப் பாராதே, ஆளைப் பார். அவ்வாயில் திறப்பதும் மூடுவதும் அலுவலரின் விருப்பமாகிவிட்டால் 1965க்கு முந்தைய நிலை பின்வாசல் வழியாகத் திரும்பிவரும். 1978 ஜனவரி 25 அன்று மேனகா காந்தி வழக்கில் எழுவர் ஆயம், சட்டம் வகுக்கும் நடைமுறை நியாயமானதாகவும் நேர்மையானதாகவும் இருக்க வேண்டும் என்றது. ‘பொதுமக்கள் நலன்’ என்று மட்டும் கூறிக் காரணத்தைச் சொல்ல மறுத்த அரசு, பாதிக்கப்பட்டவரைக் கேட்க வேண்டியதாயிற்று. ஆனால் மேற்குறிப்பு வேண்டுவோருள் நீதிமன்றப் படியேறும் ஆற்றல் உடையோர் மிகச் சிலர்.

அத்தகைய ஒருவரின் வழக்கு 2023இல் தில்லி உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. ஏமனில் கொலைத் தண்டனை விதிக்கப்பட்டுச் சிறையிலிருந்த கேரளச் செவிலியர் ஒருவரின் தாய், மகளைக் காணவும், இறந்தவர் குடும்பத்தாரிடம் குருதிப் பணம் பற்றிப் பேசி மன்னிப்புக் கேட்கவும் செல்ல இசைவு வேண்டினார். அங்கு இந்தியத் தூதரகம் இயங்கவில்லை என்பதும் நேர்ந்தால் உதவ இயலாது என்பதும் அரசின் மறுமொழி. தம் பயணத்துக்குத் தாமே பொறுப்பு, இந்திய அரசின்மீது எப்பொறுப்பும் இல்லை எனத் தாய் உறுதியளித்தார். அவ்வாண்டு டிசம்பரில் நீதிமன்றம் இசைந்தது. செல்லும் நாள், திரும்பும் நாள், உடன் செல்வோர் விவரங்களை உறுதிமொழியாகத் தரச் சொல்லி, அவர்க்காக மட்டும் தடையைத் தளர்த்துமாறு பணித்தது. 2024 ஏப்ரலில் அவர் சனா சென்று சேர்ந்தார். சிறையில் மகளைக் கண்டார். ஏனையோர்க்கு 2017இன் அறிவிக்கை அவ்வாறே நின்றது.